நாலு கம்பி, பதினோரு கேள்வி

பேஸ் கிட்டார் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்ன என்று இல்லை. கால்வாசியில் பேஸின் பெயரே இல்லை. "சவுண்டு ஒரு மாதிரி வருது சார், என்ன பண்ணலாம்?" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பேஸ், ஆம்ப், எந்த மாதிரி மேடை: இந்த மூன்றும் இல்லாத கடிதங்களைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். மற்றவற்றுக்குப் பதில் கீழே.

லைட் மியூசிக் கச்சேரிக்கு 4 கம்பியா, 5 கம்பியா? எது பெஸ்ட்? (தஞ்சாவூர்)

எது பெஸ்ட் என்று எனக்குத் தெரியாது, எது வசதி என்று தெரியும். நம் மேடையில் பாடகர் மைக்கைப் பிடித்த பிறகுதான் "தொண்டை கட்டியிருக்குண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கலாமா" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். ஈ (E) ஸ்கேலில் திறந்த கம்பியை (விரல் வைக்காமல் மீட்டுவதை) நம்பி வாசித்துக்கொண்டிருந்த நீங்கள்தான் தவிப்பீர்கள், ஏனென்றால் 4 கம்பி பேஸில் ஈக்குக் கீழே எதுவும் இல்லை. 5 கம்பி என்றால் கையை ஒரு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கட்டம்) தள்ளினால் வேலை முடிந்தது. வாரம் ஒரு கச்சேரியாவது இருக்கிறது என்றால் 5 வாங்குங்கள்.

ஆனால் அந்த ஐந்தாவது, பி (B) கம்பி மண்டபத்தை அதிர வைக்கும் என்று கனவு காணாதீர்கள். அதன் அடி அதிர்வு 31 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டப பாக்ஸில் அது வரவே வராது. அதற்கு மேலே உள்ள 62தான் வரும், மீதியைக் காது தானாக நிரப்பிக்கொள்ளும்.

என் மகளுக்குப் பத்து வயது. பேஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். கை எட்டவில்லை. இன்னும் சில வருடம் காத்திருக்கச் சொல்லலாமா? (திருச்சி)

வேண்டாம் அம்மா. ஷார்ட் ஸ்கேல் பேஸ் என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம், இதில் 30. பால் மெக்கார்ட்னி வாழ்நாளெல்லாம் வைத்திருக்கும் அந்த வயலின் வடிவ ஹாஃப்னர் இந்த அளவுதான், எனவே குழந்தை வாத்தியம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடையில் உட்கார வைத்துத் தோளில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால் அந்தப் பேஸ் வேண்டாம்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது). கச்சேரி பாதியில் சவுண்டு கரகரவென்று உடைகிறது. பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்) போய்விட்டதா? (சேலம்)

9 வோல்ட் பேட்டரி போய்விட்டது. கேபிளைச் செருகியவுடன் பேட்டரி ஓட ஆரம்பிக்கும். வாசிக்காதபோது பிடுங்கி வையுங்கள்.

பேஸில் 'ங்ஙங்' என்று ஒரு இரைச்சல். கம்பியைத் தொட்டால் நின்றுவிடுகிறது. எர்த் பிரச்சினையா? (கோயம்புத்தூர்)

தொட்டால் நிற்கிறது என்றால் கம்பிக்குப் போகும் எர்த் ஒயர் நன்றாகவே இருக்கிறது. சீரியல் லைட், டிம்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் உங்கள் உடம்பு ஆன்டெனா போல வாங்கிப் பிக்கப்புக்குக் கொடுக்கிறது. தொட்டதும் அது எர்த்துக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே தாமிரத் தகடு ஒட்டி ஷீல்டிங் செய்யச் சொல்லுங்கள், குறையும். உங்களுடையது ஜாஸ் பேஸ் (இரண்டு பிக்கப் உள்ள மாடல்) என்றால் இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்துப் பாருங்கள். இரண்டு பிக்கப்பும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்.

தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் கதை வேறு. வாசிக்காதீர்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

மைக்கில் கோரஸ் பாடப் போனால் உதட்டில் சுள்ளென்று அடிக்கிறது. மைக்செட் அண்ணன் "அது அப்படித்தான், செருப்புப் போட்டுக்கோ" என்கிறார். பழகிவிடுமா? (மதுரை அருகே, பெயர் வேண்டாம் என்கிறார்)

பழகாது தம்பி. ஒருநாள் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. பொறுத்துக்கொண்டு முழுதாகப் படியுங்கள். உங்கள் பேஸின் கம்பி பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் உலோகப் பகுதி) வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் ஜாலி (முன்னால் உள்ள இரும்பு வலை) சவுண்டு மிக்சரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒழுங்காக ஒரே எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் இருக்காது. ஒன்றில் எர்த் இல்லாமல் உள்ளே கசிவும் இருந்தால், கையில் கம்பி ஒரு முனை, உதட்டில் மைக் மறு முனை. கரண்ட் போகும் வழியில் என்ன இருக்கிறது? நெஞ்சு. செருப்பு அதற்கு என்ன செய்யும்? கரண்ட் காலுக்குப் போகவே வேண்டியதில்லையே.

எர்த் ஏன் இல்லாமல் போகிறது? பெரும்பாலும் யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருப்பார். இரைச்சல் வருகிறது, பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த்தைக் கழற்றினால் நிற்கிறது, உடனே அது ஒரு தொழில் ரகசியமாகிவிடுகிறது. எனக்கே நடந்தது. ஒரு கோயில் திருவிழா, லேசான தூறல், பலகை மேடை நனைந்திருக்கிறது. முதல் பாட்டில் மைக் பக்கம் குனிந்தேன், பல் வரை அதிர்ந்து இரண்டடி பின்னால் போய் விழுந்தேன். ஜனங்கள் நான் ஆடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்புறம் போய்ப் பார்த்தால் நாங்கள் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டே ஒயர். மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற நல்ல கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். என்னை அன்றைக்கு எது காப்பாற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 300, 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி பேஸ் பையில் போடுங்கள். மேடையில் எல்லாம் ஆன் செய்த பிறகு, தொடும் முன், ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியில், மறு முனையை மைக் ஜாலியில் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் பரவாயில்லை. நாற்பது, நூறு என்று காட்டினால் கையை எடுங்கள். அமைச்சரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, சரிசெய்யாமல் வாசிக்காதீர்கள். மிக்சர், ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் எடுக்கச் சொல்லுங்கள். பாதி இரைச்சல் அதிலேயே போய்விடும். மீதிக்கு டிஐ பாக்ஸில் (பேஸை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. மூன்றாவது பின் செய்ய வேண்டிய வேலை வேறு, அந்த சுவிட்ச் செய்யும் வேலை வேறு. இதைக் குழப்பிக்கொள்கிறவரிடம் வாதாடாதீர்கள், மீட்டரைக் காட்டுங்கள்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் நல்லது. ஆனால் ஜெனரேட்டர் கச்சேரியில், ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துத் தரையில் கம்பி அடிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆர்சிசிபி வெறும் பொம்மை. லைட்செட்காரரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. இது எதுவும் நடக்காத ஊரில் வாசித்தே ஆகவேண்டும் என்றால் பேஸுக்கு ஒயர்லெஸ் போடுங்கள். ஆம்புக்கும் உங்களுக்கும் நடுவே ஒயர் இருக்காது. மைக்குக்குப் பஞ்சு உறையும் மாட்டுங்கள். இரண்டும் உங்களைக் காப்பாற்றும், பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரரைக் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பியைக் கொதிக்க வைத்தால் புதிது போல ஆகுமாமே? (தூத்துக்குடி)

ஆகும், நாலைந்து கச்சேரிக்கு. சுற்றுகளுக்கு நடுவே அடைந்த அழுக்கு கழன்று வரும். பத்து நிமிடம் கொதித்ததும் எடுத்து, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் துரு. ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம், கழற்றிக் கழற்றிச் சுற்றினால் முனை அறும். கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள், வாசித்து முடித்ததும் துணியால் துடைக்கும் பழக்கம் இருந்தால் இந்த ரசம் வைக்கும் வேலையே தேவைப்படாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவார் என்று நீங்கள் படித்திருப்பது சரி. அவர் போட்டது ஃப்ளாட்வவுண்ட் (மேல்பக்கம் வழவழப்பான கம்பி), மங்கிய ஓசைதான் அவருக்கு வேண்டும். உங்களுக்கு அதுதான் வேண்டுமென்றால் நீங்களும் மாற்ற வேண்டாம்.

ஆம்ப் ஹெட்டில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. 8 ஓம் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டு ஓடுகிறது. மூன்றாவதும் சேர்க்கலாமா? 8+8+8=24, நாலை விட அதிகம்தானே? (ஈரோடு)

கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். பக்கவாட்டில் (பேரலலாக) இணைக்கும்போது ஓம் ஏறாது, குறையும். இரண்டு 8 சேர்ந்தால் 4. மூன்று சேர்ந்தால் சுமார் இரண்டே முக்கால். ஹெட் சூடேறி அணைந்துவிடும், அணையாவிட்டால் எரியும். சேர்க்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்டிலிருந்து கேபினட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிளுக்கும் அதே ஜாக் இருக்கிறது என்பதற்காக மாட்டினால் உள்ளே இருக்கும் நூல் போன்ற ஒயர் சூடாகி உருகும். மாற்றும் முன் ஆம்பை ஆஃப் செய்யுங்கள். மூன்றாவது பின் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மேடையில் என் பேஸ் எனக்கே கேட்கவில்லை. பேஸ் நாபை முழுதாகத் திருப்பிவிட்டேன். 500 வாட் ஆம்ப் வாங்கட்டுமா? (திருநெல்வேலி)

வாங்குங்கள், 500 வாட்டில் கேட்காது.

பேஸ் நாபைத் திருப்பினால் கொழகொழவென்று கூடும், சுரம் தெரியாது. அதை நடுவே கொண்டு வாருங்கள். 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள மிட்டை (நடு ஓசையை) ஏற்றுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், மேடையில் தெளிவாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றை மொபைல் ஸ்பீக்கரில் போடுங்கள். பேஸ் தனி மெட்டாக நடந்து போவது கேட்கிறதல்லவா? அந்தக் குட்டி ஸ்பீக்கரில் ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் எங்கே வரும்? நீங்கள் கேட்பது முழுக்க மிட்.

அடுத்தது, ஆம்ப் உங்கள் முழங்காலுக்கு வாசிக்கிறது. முழங்காலுக்குக் காது இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வையுங்கள், கட்டிவிடுங்கள், விழுந்துவிடும். "பேஸ் அலை 8 மீட்டர், அது விரிய இடம் வேண்டும், தள்ளி நின்றால்தான் கேட்கும்" என்று உங்கள் நண்பர் சொன்னது சரியில்லை. அலையின் நீளம் உண்மைதான், ஆனால் அலை விரியும் வரை காது காத்திருப்பதில்லை.

இதெல்லாம் செய்தும் கேட்கவில்லையென்றால் கீபோர்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள். அவரும் பேஸ் வாசித்துக்கொண்டிருப்பார். தனியாகக் கூப்பிட்டு, காபி வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொல்லுங்கள்.

கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் காதில் 'ஞொய்' என்று கேட்கிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. (சென்னை)

சரியாகிறது என்று விட்டுவிடாதீர்கள். 85 டெசிபல் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். நம் மேடையில், அதுவும் ரிதம் பேட் மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில், மூன்று மணி நேரம் நிற்கிறோம். இசைக் கலைஞர்களுக்கான இயர் பிளக் வாங்கிப் போடுங்கள், பஞ்சு போதாது. இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது டாக்டரிடம் போங்கள். இதில் என் அனுபவத்தைக் கேட்க வேண்டாம், எனக்கு இடது காது அவ்வளவாகக் கேட்காது.

ஊட்டி கச்சேரிக்குப் போய் வந்த பிறகு கம்பி உயரமாகிவிட்டது. பிரிட்ஜை இறக்கினேன், இப்போது கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'பஸ்ஸ்' (buzz) என்று இரைகிறது. (திருப்பூர்)

நெக் (கழுத்துக் கட்டை) வளைந்திருக்கிறது, நீங்கள் பிரிட்ஜைத் தண்டித்திருக்கிறீர்கள். முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடம்போடு சேரும் இடத்திலும் ஈ கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும், 0.3 மில்லிமீட்டர் பக்கம். அதற்கு மேல் என்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) கடிகாரச் சுற்றில் கால் திருப்பு. கால் திருப்புதான். ஒரு நாள் விட்டுப் பிறகு மறுபடி பாருங்கள். சரியான அளவு ஆலன் கீ இல்லாமல் கை வைக்காதீர்கள், நட்டின் உள்பக்கம் மழுங்கிவிட்டால் செலவு ஆயிரங்களில் போகும். சுற்ற மறுத்தால் பலத்தைக் காட்டாமல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வெளியூர்க் கச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போது பேஸை எங்கே வைப்பது? டிக்கியில் போடலாமா? (விழுப்புரம்)

பக்கத்து சீட்டில். அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து.