ஜே-1 விசா: இரண்டு ஆண்டு இந்தியா திரும்பியே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடித்து, 2022 ஆகஸ்ட்டில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆராய்ச்சியாளராக வந்தேன். கணவர் ஜே-2, அதாவது என்னைச் சார்ந்து வந்தவருக்கான விசா. விசாவிலேயே 'இரண்டு ஆண்டு விதி பொருந்தும்' என்று அச்சிட்டிருக்கிறது. இப்போது பல்கலைக்கழகம் எச்-1பி வேலை விசா எடுத்துத் தருகிறேன் என்கிறது. "இந்தியாவைப் பட்டியலிலிருந்து எடுத்தாச்சு, உனக்கு அந்த விதியே கிடையாது" என்கிறார்கள் லேப் நண்பர்கள். ஒரு ஏஜென்ட் நோரி சான்றிதழ் வாங்கித் தர ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதல் ஆண்டு மட்டும் இந்திய அரசின் உதவித்தொகை. அதன்பிறகு பேராசிரியருக்கு என்ஐஎச் (அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பு) தந்த நிதியில் சம்பளம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயத்தைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். முதல் ஆண்டு உதவித்தொகையைத்தான் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பி போன்ற விசாவுக்கு மாறலாம் என்பதுதான் அந்த விதி; அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212-இ பிரிவு. அது ஒருவரைப் பிடிப்பது மூன்று காரணங்களால். அவருடைய துறை, சொந்த நாட்டுக்குத் தேவையான துறைகளைச் சொல்லும் திறன் பட்டியலில் இருப்பது ஒன்று. அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ பணம் கொடுத்திருப்பது இன்னொன்று. மூன்றாவது மருத்துவர்களின் மேற்பயிற்சி. அது உங்களுக்கு இல்லை. 2024 டிசம்பர் 9 அன்று வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. பட்டியலால் மட்டும் மாட்டியிருந்தவர்களுக்கு, முன்பே வந்தவர்களாக இருந்தாலும், கட்டு அன்றே அவிழ்ந்தது. உங்கள் நண்பர்கள் சொல்வது அவரவர் விஷயத்தில் சரியாக இருக்கலாம். உங்கள் கட்டுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது.

ஜே-1-க்காகப் பல்கலைக்கழகம் 2022-ல் கொடுத்த முதல் டிஎஸ்-2019 படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் கட்டத்தில் யார் யார் எவ்வளவு பணம் தருகிறார்கள் என்று வரிவரியாக இருக்கும். அதில் 'வருகையாளரின் அரசு' என்ற வரிக்கு நேரே ஒரு தொகை இருந்தால், அது சிறு தொகையாக இருந்தாலும், ஓர் ஆண்டுக்கு மட்டும் என்றாலும், விதி பொருந்தும். சட்டம் 'முழுவதுமாகவோ பகுதியாகவோ' என்றுதான் சொல்கிறது. அடுத்தடுத்த படிவங்களில் அந்த வரி காலியாக இருப்பதால் பழையது அழிந்துவிடாது. என்ஐஎச் சம்பளத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அது ஆராய்ச்சிக்காகப் பேராசிரியருக்குக் கொடுத்த பணம். பரிமாற்றத் திட்டத்துக்காக உங்களுக்கு ஒதுக்கியது அல்ல. விசாவில் அச்சிட்டிருப்பதும் முடிந்த முடிவு அல்ல. சந்தேகம் இருந்தால் இந்த விதியிலிருந்து விலக்குக் கேட்கும் மனுக்களைப் பார்க்கும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விலக்குப் பிரிவுக்கு எல்லா டிஎஸ்-2019 நகல்களையும் அனுப்பி எழுத்தில் கருத்துக் கேட்கலாம். படிவத்தில் அந்தத் தொகை இருந்தால், கேட்டு மாதங்களை வீணாக்காமல் நேராக விலக்குக்குப் போங்கள் என்பேன்.

விலக்குக்கு டிஎஸ்-3035 படிவம். கட்டணம் 120 டாலர். உங்களுக்கு ஏற்ற வழி இந்திய அரசின் ஆட்சேபமின்மைக் கடிதம். அதற்கு அடிப்படைதான் நோரி, அதாவது இந்தியாவுக்குத் திரும்பும் கடப்பாடு இல்லை என்ற சான்று. பணம் கொடுத்தது அமெரிக்க அரசாக இருந்தால் இந்தக் கடிதம் மட்டும் பெரும்பாலும் எடுபடாது. உங்களுக்குக் கொடுத்தது இந்திய அரசு. அதே அரசு ஆட்சேபம் இல்லை என்று எழுதினால் அதற்கு எடை அதிகம். அந்தக் கடிதத்தை இந்தியத் தூதரகமே நேரடியாக விலக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. இதில் ஏஜென்ட்டுக்கு என்ன வேலை? ஒன்றரை லட்சத்தைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

அதற்கு முன் உதவித்தொகை வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். திரும்பி வந்து வேலை செய்வேன், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தால், அமெரிக்கா தரும் விலக்கு அந்தக் கடனைத் தீர்க்காது. அது இந்தியாவில் தனியாகத் தீர்க்க வேண்டிய விவகாரம். வாங்கிய பணத்துக்கு நேர்மையாக அந்த அமைப்பிடமே முதலில் பேசுங்கள்.

அடுத்தது வரிசை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளியுறவுத் துறை விலக்குக்குப் பரிந்துரை செய்த பிறகு ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. ஆராய்ச்சியாளருக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. உங்களுக்கு அது 2027 ஆகஸ்ட். அதுவரைக்கும் டிஎஸ்-2019-ஐ இப்போதே நீட்டித்து வாங்கிக்கொண்டு, பிறகு விலக்குக்கு மனுப் போடுங்கள். பரிந்துரைக் கடிதம் கைக்கு வந்த பிறகு பல்கலைக்கழகம் எச்-1பி மனுவைத் தாக்கல் செய்யட்டும். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி குலுக்கல் இல்லை. எந்த மாதத்திலும் மனுப் போடலாம்.

அந்த மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்கு வராதீர்கள், தங்கை கல்யாணமாகவே இருந்தாலும். வெளியேறினால், அமெரிக்காவுக்குள் இருந்தபடியே ஜே-1-லிருந்து எச்-1பி-க்கு நிலை மாற்றக் கேட்டது கைவிட்டதாகிவிடும். 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் விதித்தது; உள்ளேயே நிலை மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கியது. நடுவில் ஒரு பயணம் உங்களை அந்த ஒரு லட்சத்துக்குள் தள்ளக்கூடும்.

உங்கள் கணவருக்கும் இதே இரண்டு ஆண்டு நிபந்தனை உண்டு. உங்களுக்கு விலக்கு கிடைத்தால் அவருக்கும் சேர்ந்தே கிடைக்கும். அவர் ஜே-2 வேலை அனுமதியில் வேலைக்குப் போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறார் என்றால், எச்-4 (எச்-1பி-காரரின் துணைக்கான விசா) ஆன நாளோடு அந்த அனுமதி நின்றுவிடும். நிலை மாறும் தேதியைப் பல்கலைக்கழகத்திடம் சொல்வதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.