நாலு பேர் சேர்ந்து நின்றாலே ‘பொது அமைதிக்குப் பங்கம்’ ஆகிவிடுமா?

கேள்வி: பொது இடத்தில் சத்தமாகப் பேசினாலோ, நாலு பேர் கூடி நின்றாலோ ‘பொது அமைதிக்குப் பங்கம்’ என்று வழக்குப் போட முடியுமா? இந்தச் சட்டங்கள் உண்மையில் எதைத்தான் தடுக்கின்றன?

வழக்குப் போட முடியும். அந்த வழக்கு கோர்ட்டில் நிற்குமா என்பது தனிக் கேள்வி. நான் பல வருடங்களாகக் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தொழில் இல்லை. சட்டம் படிப்பதற்கு முன்பே இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

அப்போது மாணவன். ஒரு கோரிக்கைக்காக நாங்கள் ஆறு பேர் நடைபாதை ஓரமாக அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோஷம்கூடப் போடவில்லை. அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்களைவிடப் பல மடங்கு பேர். திட்டினார்கள், ஒருவர் செருப்பைக் கழற்றினார். வந்த போலீஸ் அதிகாரி இரண்டு பக்கத்தையும் பார்த்தார், எங்களை வண்டியில் ஏற்றினார். “நீங்க கிளம்பிட்டா அவங்களும் கிளம்பிடுவாங்க, பிரச்சினை முடிஞ்சிடும்” என்றார். அவர் சொன்னபடியே தெரு அமைதியாகிவிட்டது. அன்று இரவு ஒரு பிணைப்பத்திரத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படித்துப் பார்க்கவில்லை.

அமைதியைக் குலைத்தது யார்? இந்தச் சட்டங்கள் எல்லாவற்றின் மையத்திலும் இருப்பது இந்தக் கேள்விதான். மேடையில் பேசுகிறவரா, பேச்சைக் கேட்டுக் கையை ஓங்குகிறவரா?

இதற்கு மிகத் தெளிவான பதிலைச் சொன்ன வழக்கு 1882இல் இங்கிலாந்தில் நடந்தது. வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடலோர ஊரில் சால்வேஷன் ஆர்மி, அதாவது இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு, பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போகும். அதைப் பிடிக்காதவர்கள் ஸ்கெலிட்டன் ஆர்மி என்று பெயர் வைத்துக்கொண்டு எதிரே வந்து ரகளை செய்வார்கள். போலீஸ் என்ன செய்தது? ஊர்வலத்தை நிறுத்தச் சொன்னது. நிறுத்தாத பீட்டி என்ற தலைவரையும் சிலரையும் பிடித்தது. உள்ளூர் நீதிபதிகள் அவர்களிடம் அமைதி காப்பதாகப் பிணை கேட்டார்கள். மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒருவர் சட்டப்படியான ஒன்றைச் செய்யும்போது அதைப் பார்த்து இன்னொருவர் சட்டத்தை மீறுவார் என்பதற்காக முதல் ஆளைத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். முதல் முறை அதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க என்னால் முடியவில்லை.

இந்தக் கொள்கை எல்லா இடத்திலும் எப்போதும் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். 1949இல் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் ஃபைனர் என்ற மாணவர் தெருமுனையில் நின்று பேசினார். கூட்டத்தில் ஒருவர், போலீஸ் இவரை இறக்காவிட்டால் நானே இறக்குவேன் என்றார். போலீஸ் பேச்சாளரைக் கைது செய்தது. 1951இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. நீதிபதி பிளாக் தன் மாறுபட்ட தீர்ப்பில், போலீஸ் முதலில் பேச்சாளரைப் பாதுகாக்க முயன்றிருக்க வேண்டும், தேவைப்பட்டால் மிரட்டிய ஆளைக் கைது செய்திருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

பன்னிரண்டு வருடத்தில் காற்று மாறியது. தென் கரோலினாவின் சட்டமன்ற வளாகத்தில் 1961இல் நிறவெறிக்கு எதிராக அமைதியாக நடந்துபோன 187 கறுப்பின மாணவர்களைப் பதினைந்து நிமிடத்தில் கலையச் சொன்னார்கள். அவர்கள் கலையவில்லை, பாடினார்கள். ‘அமைதிக்குப் பங்கம்’ என்று தண்டனை. 1963இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வன்முறையும் இல்லை, மிரட்டலும் இல்லை. அவர்கள் சொன்ன கருத்து பெரும்பான்மையோருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இந்தச் சட்டங்களே வேண்டாமா? வேண்டும். எனக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. என் அப்பா கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோது, பக்கத்துக் கட்டடத்தில் இரவு ஒரு மணி வரை ஒலிபெருக்கி அலறும். நேரில் போய்க் கெஞ்சினேன். புகார் கொடுத்தேன். யாரும் வரவில்லை. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கட்டுப்படுத்துவது சுதந்திரத்துக்கு எதிரானது என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் சத்தமும் பேச்சும் வேறு வேறு. ஒலியின் அளவை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லும் விதி, யார் என்ன பேசுகிறார் என்று பார்ப்பதில்லை. டெசிபல் கருவிக்குப் பக்திப் பாட்டும் கட்சிப் பாட்டும் ஒன்றுதான். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொதுவிதி. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் கச்சேரிகளுக்கு மாநகராட்சி வைத்த ஒலிக் கட்டுப்பாட்டை 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் இதே காரணத்தால்தான்: பாட்டின் பொருளை அது தொடவில்லை. உங்கள் சிக்கல் வெறும் இரைச்சல் என்றால், புகாரில் ‘அமைதிக்குப் பங்கம்’ என்று எழுதாமல் ஒலி விதியைக் குறிப்பிட்டு, தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். அப்படி எழுதிய புகாரை ஓரங்கட்டுவது கடினம்.

கைகலப்பு, கல்வீச்சு, குடித்துவிட்டுத் தெருவில் ரகளை, இதிலெல்லாம் பெரிய குழப்பம் கிடையாது. நடந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சி இருந்தால் போதும்.

குழப்பம் வருவது சொற்கள் நீர்த்துப்போகும் இடத்தில். ‘தொந்தரவு’, ‘எரிச்சல்’, ‘காரணமில்லாமல் நிற்பது’ என்று எழுதிவைக்கும் உள்ளூர்ச் சட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கண்டால் எனக்குப் பயம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு விதி இருந்தது. மூன்று பேரோ அதற்கு மேலோ நடைபாதையில் கூடி, போகிறவர் வருகிறவருக்கு எரிச்சல் தரும்படி நடந்துகொண்டால் குற்றம். யாருடைய எரிச்சல்? எவ்வளவு எரிச்சல்? எதைச் செய்தால் குற்றம் என்று முன்கூட்டியே ஒருவர் தெரிந்துகொள்ளவே முடியாது என்று 1971இல் அந்த விதி செல்லாததாகிவிட்டது. சிகாகோ 1992இல் இன்னொன்று கொண்டுவந்தது. குண்டர் குழுவைச் சேர்ந்தவர் என்று போலீஸ் நினைக்கும் ஒருவர் வேறு யாருடனாவது வெளிப்படையான நோக்கம் இல்லாமல் ஓரிடத்தில் நின்றால் கலையச் சொல்லலாம், கலையாவிட்டால் கைது. மூன்று வருடத்தில் 89,000க்கும் மேற்பட்ட கலையும் உத்தரவுகள், 42,000க்கும் மேற்பட்ட கைதுகள். 1999இல் அதுவும் விழுந்தது. அதற்குள் பிடிபட்டுப் போனவர்களின் நாட்களை யார் திருப்பித் தருவது?

இங்கிலாந்தில் 1981இல் ஹோவெல் என்பவர் வழக்கில் நீதிமன்றம் ஒரு நல்ல வரையறை தந்தது. ஒருவருக்குக் காயமோ, அவர் கண்முன்னே அவர் பொருளுக்குச் சேதமோ நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்க வாய்ப்பிருக்க வேண்டும், அல்லது நடந்துவிடும் என்ற பயம் அவருக்கு வந்திருக்க வேண்டும். இதில் எதுவும் இல்லாமல் வெறும் கூச்சல் மட்டும் இருந்தால் அமைதிக்குப் பங்கம் ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1960களில் ராம் மனோகர் லோகியா வழக்கில் இதைப் போன்ற ஒரு கோட்டைப் போட்டது. நீதிபதி ஹிதாயத்துல்லா ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார்: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, இன்னும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. சட்டம் ஒழுங்கைப் பாதிக்கும் எல்லாமே பொது ஒழுங்கைப் பாதித்ததாக ஆகிவிடாது. இரண்டு பேர் தங்களுக்குள் அடித்துக்கொள்வதும், ஒரு பகுதி மக்களே வெளியே வரப் பயப்படுவதும் ஒன்றில்லை. இன்றும் வாதாடும்போது இந்த வட்டங்களை நான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் தடை உத்தரவு. பேச்சுவழக்கில் இன்றும் 144 என்கிறோம். 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. சாதாரணமாக இரண்டு மாதம்தான் ஆயுள், மாநில அரசு நீட்டித்தால் மேலும் ஆறு மாதம் வரை. காரணங்களை எழுத்தில் சொல்ல வேண்டும், உத்தரவை வெளியிட வேண்டும், நியாயமான கருத்தை அடக்கவும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே “144 போட்டிருக்கு, கலைந்து போ” என்று ஒருவர் சொன்னால், உத்தரவின் நகலைக் கேட்பது எதிர்ப்பாகாது. அது உங்கள் உரிமை.

நேரில் மாட்டினால் என்ன செய்வது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த இடத்தில் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கலையச் சொன்னால் எந்த உத்தரவின்படி என்று ஒருமுறை கேளுங்கள், யார் சொன்னார், எத்தனை மணிக்கு, கலைய எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று மனதில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். எதிர்த்தரப்பு மிரட்டியது உங்கள் போனில் பதிவாகியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் யார் அமைதியைக் குலைத்தது என்ற கேள்வி வரும்போது அந்தப் பதிவு உங்களுக்காகப் பேசும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிணைப்பத்திரம். அமைதியாக நடந்துகொள்வதாகப் பிணை வாங்கும் பழக்கம் இங்கிலாந்தில் 1361ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது, இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. தண்டனை இல்லையே, வெறும் காகிதம்தானே என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் அது ஒரு வருடம் வரை உங்களைக் கட்டும். அதற்குள் அமைதியைக் குலைத்ததாக நிரூபணமானால் பிணைத்தொகையைக் கட்டச் சொல்லலாம். கையெழுத்துக்கு முன் ஏன் பிணை கேட்கிறார்கள் என்ற விளக்கமும், பதில் சொல்ல வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். நகல் கட்டாயம் வாங்குங்கள்.

பீட்டியிடமும் இதே மாதிரி பிணைதான் கேட்டார்கள். அவர் மேல் நீதிமன்றம் போனார். நாங்கள் ஆறு பேரும் போகவில்லை, போகலாம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிணைக் காலம் முடியும்வரை நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. நாங்கள் கையில் பிடித்திருந்த கோரிக்கையும் அந்த நடைபாதையோடு நின்றுவிட்டது.