வாசகர் கேள்வி பதில்: மாந்தையில் கிடைத்த ஒற்றைக் கராம்பு

கேள்வி: பட்டுப் பாதை என்றாலே பாலைவனமும் ஒட்டகமும்தான் படத்தில் வருகின்றன. அந்த வியாபாரத்தில் கடலுக்குப் பங்கே இல்லையா?
- உயர்தர மாணவி, செங்கலடி

பதில்: நிறையவே இருக்கிறது மகள். நாற்பது, ஐம்பது ஒட்டகம் சுமப்பதை ஒரு நடுத்தரக் கப்பல் சிரமமில்லாமல் ஏற்றிவிடும், அதற்குத் தீனியும் வேண்டாம், காற்று இருந்தால் போதும். நாங்கள் கச்சான், வாடை என்று சொல்கிற அதே பருவக்காற்றுகள்தான். எகிப்தின் செங்கடல் கரையில் இருந்த பெரனிகே துறைமுகத்தில் யூலையளவில் பாய் விரித்தவர்கள், தென்மேல் காற்றைப் பிடித்து அரபிக்கடலை நேரே கடந்து சேரநாட்டு முசிறிக்கு வந்தார்கள், மிளகு வாங்கினார்கள், மார்கழியில் வாடைக்காற்றோடு திரும்பினார்கள். காற்று மாறும்வரை துறைமுகத்தில் தங்கத்தான் வேண்டும். தங்கியவர்களுக்குக் கிடங்கு, தரகர், சாப்பாடு, கோயில் எல்லாம் தேவைப்பட்டன, ஊர் பெருத்தது.

பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் வனைந்த பெரிய சாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு! கிபி முதலாம் நூற்றாண்டுச் சரக்கு. அங்கிருந்து நைல் ஆறுவரை சாமான் போனது ஒட்டகத்தில்தான், ஆகவே உங்கள் படமும் பொய்யில்லை, பாதிக் கதை.

கேள்வி: மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையை அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்களே, அங்கே அப்படி என்ன இருந்தது?
- வாசகர், கல்முனை

பதில்: அந்த இடத்தில் கடல் ஆழமில்லை, அதுதான் விஷயம். பாக்குநீரிணைப் பக்கம் மணல்திட்டுகள், பெரிய கப்பல் தாண்டுவது கஷ்டம். சரக்கை இறக்கிக் கைமாற்ற மாந்தை வசதியாக இருந்தது, பக்கத்தில் அருவியாறு, உள்ளே போனால் அநுராதபுரம். சீனப் பாண்டத் துண்டுகளும் பாரசீகப் பாண்டத் துண்டுகளும் ஒரே மண்ணில் கிடந்தன. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது, அங்கே அகப்பட்ட ஒரேயொரு கராம்பு. கிபி 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அந்தக் காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் கிழக்கே மலுக்குத் தீவுகளில் மட்டும். நாணயம் பல தலைமுறை கைமாறிக் கிடந்துவிட்டு வரலாம், கராம்பு அப்படியில்லை, யாரோ கறிக்கோ மருந்துக்கோ வாங்கியது.

கேள்வி: எங்கள் மட்டக்களப்பு வாவிக்குள் பெரிய கப்பல் வந்திருக்குமா?
- வாசகி, கல்லடி

பதில்: முகத்துவாரத்தைப் பார்த்திருப்பீர்கள்தானே, மணல் மூடும், மழைக்கு வெட்டித் திறக்கும், பிறகும் மூடும். அதற்குள் வள்ளம் போகும், பெரிய கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட வேண்டியதுதான். 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்து, இங்கிருந்துதான் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். ஆழமான இயற்கைத் துறை என்றால் நமக்கு வடக்கே திருகோணமலை, பழைய பெயர் கோகர்ணம்.