விமான மாதிரிக்குப் பொருந்தும் மனித உருவங்கள்: எந்த அளவில் வாங்குவது, எங்கே தேடுவது?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்று கானாடுகாத்தானில் வசிப்பவன். 1/72 அளவில் (உண்மையானதில் 72இல் ஒரு பங்கு) ஒரு ஹரிக்கேன் போர் விமானத்தை ஒட்டி, வண்ணம் பூசி முடித்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது செட்டிநாட்டில் அமைக்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்ட ஓடுதளத்தை நினைவூட்டும்படி, விமானிகள், தரைப்பணியாளர்கள், மண் சுமக்கும் உள்ளூர்க் கூலியாட்கள் எல்லாரையும் வைத்து ஒரு டயோரமா (சிறு உருவங்களால் ஆன காட்சி மாதிரி) அமைக்க ஆசைப்படுகிறேன். விமானக் கிட்டுகள் கிடைக்கும் கடைகளில் மனித உருவங்கள் கிடைப்பதில்லை. 28 மி.மீ. உருவங்கள் என்று இணையத்தில் விற்பவை பொருந்துமா? பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் மகனிடம் எதை வாங்கி வரச் சொல்லலாம்?

பதில்: விமானத்தை முதலில் முடித்துவிட்டு ஆட்களைப் பிறகு தேடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆனால் டயோரமா அமைக்க நினைப்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஒரே விமானம் 1/72, 1/48, 1/32 என்று மூன்று அளவுகளிலும் எளிதாகக் கிடைத்தாலும், அதன் அருகில் நிற்க வேண்டிய ஆட்கள் எல்லா அளவுகளிலும் கிடைப்பதில்லை. அதிலும் விமானி உருவங்கள் ஏராளமாக இருக்க, எண்ணெய் ஊற்றுபவர், துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்புபவர், எஞ்சின் மூடியைத் திறந்து வேலை பார்ப்பவர் போன்றோர் மிகக் குறைவு. கூலியாட்கள் ஆயத்த நிலையில் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்; அவர்களை நீங்களே உருவாக்க வேண்டியிருக்கும். உங்கள் விமானம் முடிந்துவிட்டதால் 1/72 அளவை வைத்தே விளக்குகிறேன். இன்னொரு விமானம் செய்யும் எண்ணம் இருந்தால் 1/48 ஏன் மேலானது என்பதையும் இடையே சொல்கிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், உருவத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 1/72 அளவில் 23.6 மி.மீ., 1/76 அளவில் 22.4 மி.மீ., 1/48 அளவில் 35.4 மி.மீ., 1/35 அளவில் 48.6 மி.மீ., 1/32 அளவில் 53 மி.மீ. இருப்பார். 1/76க்கும் 1/72க்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுவதுதான். உண்மையான மனிதர்களின் உயரம் அதைவிடக் கூடுதலாக வேறுபடும் என்பதால் இவ்விரண்டையும் தயங்காமல் கலந்து வைக்கலாம். ஆனால் 1/35 வீரரை 1/48 விமானத்தின் அருகில் நிறுத்தினால் ஏழரை அடிக்கும் மேல் உயரமுள்ள விமானி இறக்கையடியில் நிற்பதுபோல் தோன்றும். அந்தப் பிழையை எந்த வண்ணமும் மறைக்காது.

28 மி.மீ. உருவங்கள் உங்களுக்குப் பயன்படமாட்டா. அவை மேசைப் போர் விளையாட்டுக்காகச் செய்யப்படுபவை. அந்த 28 மி.மீ. பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரைக்குமான அளவு. தலை உச்சி வரை அளந்தால் 30 மி.மீ.ஐ எட்டிவிடும். கணக்குப் பார்த்தால் இது 1/56ஐ ஒட்டி வரும், அதாவது 1/72க்குப் பெரியது, 1/48க்குச் சிறியது. மேலும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றின் தலையையும் கைகளையும் வேண்டுமென்றே பெரிதாக வடித்திருப்பார்கள். சரியான விகிதத்தில் செய்த விமானத்தின் அருகே அந்தப் பருத்த கைகள் முதலில் கண்ணை உறுத்தும்.

1/72 வட்டாரத்தில் நீங்கள் தேட வேண்டிய முதல் பெட்டி, ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 'ஆர்ஏஎஃப் பெர்சனெல்' (RAF Personnel, அதாவது பிரிட்டிஷ் விமானப்படையினர்). விமானிகளும் தரைப்பணியாளர்களும் கலந்த தொகுப்பு இது. 1/76 என்று குறிக்கப்பட்டிருந்தாலும் மேலே சொன்ன காரணத்தால் பொருந்தும். விலை குறைவு, ஆட்கள் நிறைய. குறை என்னவென்றால் இவை மென்பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக் கிட்டுக்குப் பயன்படும் சிமென்ட் என்ற ஒட்டுத் திரவம் இதில் ஒட்டவே ஒட்டாது, ஃபெவிக்விக்கும் உறுதியாகப் பிடிக்காது. கையையோ தலையையோ மாற்ற வேண்டுமென்றால் மெல்லிய கம்பியை இரு பக்கமும் செருகித்தான் பொருத்த வேண்டும். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, நீர்த்த ஃபெவிகாலை ஒரு பூச்சாகக் கொடுத்து, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் பூசினால் உரியாமல் நிற்கும். இந்தப் பூச்சைத் தவிர்ப்பவர்களின் உருவங்களில்தான் முழங்கையிலும் முழங்காலிலும் வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது.

அடுத்த சிக்கல் உடை. பிரிட்டிஷ் விமானப்படை உருவங்களில் பெரும்பாலானவை ஐரோப்பியப் போர்க்களத்துக்கானவை. நீலச் சாம்பல் நிறக் கம்பளிச் சீருடையும் ஆட்டுத்தோல் மேல்சட்டையும் அணிந்தவை. செட்டிநாட்டு வெயிலில் அந்த உடையில் யாரும் நின்றிருக்க முடியாது. இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர்கள் காக்கி அரைக்கைச் சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிந்தார்கள். ஒரு பக்கம் மடித்த அகல விளிம்புத் தொப்பியும் பரவலாக இருந்தது. ஆகவே விமானப்படைப் பெட்டியோடு, வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாம் படையின் உருவங்களையும் ஒரு பெட்டி வாங்குங்கள். 1/72 வட்டாரத்தில் ஏர்ஃபிக்ஸும் இட்டாலேரியும் இவற்றை வெளியிட்டுள்ளன. துப்பாக்கியையும் தோட்டாப் பைகளையும் சீவி எடுத்துவிட்டால், அரைக்கால் சட்டை அணிந்த அவர்கள் நல்ல தரைப்பணியாளர்களாக மாறிவிடுவார்கள்.

1/48இல் இந்தச் சிரமம் பெரிதும் குறைகிறது. உக்ரைனின் ஐசிஎம் நிறுவனம் பிரிட்டிஷ் விமானிகளையும் தரைப்பணியாளர்களையும் ஒரு தொகுப்பாகவும், வெப்பநாட்டுச் சீருடையில் உள்ள விமானிகளைத் தனித் தொகுப்பாகவும் இந்த அளவில் வெளியிட்டிருக்கிறது. இரண்டும் வன்பிளாஸ்டிக் என்பதால் கிட்டுக்கான சிமென்டே போதும். ஒருவரின் உடலில் இன்னொருவரின் தலையைப் பொருத்துவது சில நிமிட வேலை. ஹரிக்கேன் 1/48இல் இறக்கை நுனி முதல் நுனி வரை 25 செ.மீ.தான் என்பதால் இடமும் அதிகம் தேவைப்படாது. முகத்தில் மீசையும், சட்டையில் மடிப்பும் தெரியும்படி வண்ணம் பூச விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த அளவையே சொல்வேன்.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று தொடங்கப்பட்டது. போரின்போது அது ஹரிக்கேன்களையும் பறக்கவிட்டது. அதன் தொடக்ககாலத் தரைப்பணியாளர்களுக்கு 'ஹவாய் சிப்பாய்' என்று பெயர். இவர்களைச் சேர்க்காமல் எல்லாரையும் வெள்ளையர்களாகவே வைத்தால் காட்சி பாதி உண்மையாகத்தான் இருக்கும். தோல் நிறத்தைப் பலவாறாகக் கலந்து பூசுங்கள். ஓரிருவருக்குத் தலைப்பாகை வடியுங்கள். விமானத்திலும் ஒன்றைச் சரிபாருங்கள். ஜப்பானிய விமானம் என்று தவறாகச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கி இரண்டு நீலங்களாக மாற்றினார்கள். உங்கள் ஹரிக்கேனில் சிவப்பு நடுவட்டம் இருந்தால், நீங்கள் வைக்கும் ஆட்களோடு அது ஒத்துப்போகாது. குறிப்பிட்ட ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) எழுத்துகளை இடுவதானால் படத்தையோ பதிவேட்டையோ பார்த்த பின்பே இடுங்கள். ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 (AIR 27) என்ற வரிசையில் உள்ளன.

கூலியாட்களைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போர்க்கால இந்தியாவின் ஓடுதளங்களில் ஆண்களும் பெண்களும் தலையில் கூடை சுமந்து மண் கொட்டினார்கள் என்பதற்குப் புகைப்படச் சான்றுகள் உண்டு. ஆனால் பெட்டிகளில் அவர்களுக்கு இடமில்லை. எட்டாம் படை உருவங்களில் சட்டையின் மடிப்புகளைச் சீவி வெற்றுடம்பாக்கி, இடுப்பில் மெல்லிய டிஷ்யூ தாளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துச் சுற்றினால் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி கிடைக்கும். சேலைக்கும் அதே தாள்தான். கொசுவத்தை ஈரம் காய்வதற்குள் ஊசி முனையால் கீறிவிட வேண்டும். தலைப்பாகைக்கும் முண்டாசுக்கும் வன்பொருள் கடையில் கிடைக்கும் எம்-சீல் போதும். விரைவில் இறுகிவிடும் என்பதால் மிளகளவே பிசைந்து, ஈரக் கத்தியால் வடியுங்கள். முகம், விரல் போன்ற நுட்பங்களுக்கு அது சற்றுக் கரடுமுரடானது. அவற்றுக்கு மில்லிபுட் அல்லது கிரீன் ஸ்டஃப் என்ற, பிசைந்து வடிக்கும் பசையே ஏற்றது. தரைக்கு உங்கள் ஊர்ச் செம்மண்ணையே பயன்படுத்தலாம். ஆனால் மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்துவிடுங்கள். 1/72இல் ஒரு மி.மீ. பருக்கை ஏழு செ.மீ. கல்லாகிவிடும்.

உள்நாட்டிலேயே கிடைக்கும் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. கட்டடக் கலை மாணவர்கள் தங்கள் மாதிரிகளில் வைக்கும் 1:50, 1:75 அளவு உருவங்கள் இணையத்திலும் பெருநகரங்களின் வரைபொருள் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கின்றன. 1:75 உருவம் 22.7 மி.மீ. என்பதால் உங்களுக்குப் பொருந்தும். 1:50 உருவம் 34 மி.மீ. என்பதால் 1/48க்குப் பொருந்தும். வடிப்பு மழுங்கலானது என்பதால் முன்வரிசைக்கு ஆகாது. வேட்டி, முண்டாசு சுற்றிப் பின்னால் நிறுத்தும் கூலியாட்களுக்கு அதுவே தாராளம். கொலு பொம்மைகளைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மதுரை விளாச்சேரியில் அருமையாகச் செய்கிறார்கள். ஆனால் மூன்று அங்குல பொம்மையே 1/22ஐ ஒட்டி வந்துவிடும், விமானத்தோடு சேராது.

முப்பரிமாண அச்சு இன்னொரு நல்ல வழி. சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் உருவத்தின் கணினிக் கோப்பைக் கொடுத்தால் அச்சிட்டுத் தருகிறார்கள். இழை உருக்கி அச்சிடும் முறையை ஏற்காதீர்கள். இந்தச் சிறு அளவில் முகம் படிக்கட்டுபோல வரும். ரெசின் (திரவப் பிசின்) அச்சு என்று தெளிவாகக் கேளுங்கள். 75 மி.மீ. உயரத்துக்கு வடித்த கோப்பை 1/72க்குக் கொண்டுவர 31 விழுக்காடாகவும், 1/48க்கு 47 விழுக்காடாகவும் சுருக்க வேண்டும்; அப்படிச் சுருக்கும்போது விரல்களும் கருவிப் பிடிகளும் முறியும் அளவுக்கு மெலிந்துவிடுமாதலால், அவற்றை மட்டும் தடிப்பாக்கித் தரச் சொல்லுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது ஈர உப்புத்தாளும் முகக்கவசமும் கட்டாயம்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதைவிட மகன் கொண்டுவருவது உங்களுக்கு மேல். அளவு மாதிரிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. அவற்றின் அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. இங்கே கடைகளில் விலை ஏறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மகனிடம் கொடுக்கும் பட்டியலில் ஏர்ஃபிக்ஸ் விமானப்படைத் தொகுப்பு, 1/72 எட்டாம் படை ஒரு பெட்டி, மில்லிபுட் ஒரு பொதி ஆகியவற்றை எழுதுங்கள். 1/48இல் அடுத்த விமானம் செய்வது உறுதியென்றால் ஐசிஎம்மின் இரண்டு தொகுப்புகளையும் சேருங்கள். பிளாஸ்டிக் சிமென்ட், லாக்கர் வண்ணங்கள், தின்னர் ஆகியவை தீப்பற்றக்கூடிய திரவங்கள் என்பதால் விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் அனுமதியில்லை. டாமியாவின் அக்ரிலிக் வண்ணத்திலும் ஆல்கஹால் உண்டு. அவற்றை மட்டும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.