நாற்பதாயிரம் ரூபாய் வேலைக்கு ஏன் ஆள் வருவதில்லை?

ஐயா, வணக்கம்.

சேலம் கொண்டலாம்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஜவ்வரிசி மில்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) தொட்டி, பைப் லைன், ஹோட்டல்களுக்குக் கிச்சன் மேடை எல்லாம் செய்து தருகிறோம். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு மாதமாக ஒரு டிக் வெல்டரை, அதாவது ஆர்கான் வாயு வைத்து எஸ்.எஸ். வெல்டிங் செய்கிறவரை, தேடுகிறேன். "மாதம் 40,000 வரை சம்பளம், தங்குமிடம் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன், ஐந்து ரோடு பக்கம் நோட்டீஸும் ஒட்டினேன். மூன்று பேர்தான் வந்தார்கள். ஒருவர் டெஸ்ட் பீஸிலேயே ஃபெயில். ஒருவர் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டுப் போனார், திரும்பவே இல்லை. மூன்றாமவர் பத்து நாள் இருந்தார். இதே ஊரில் பி.இ. முடித்த பையன்கள் 15,000 ரூபாய்க்கு ஏசி ரூமில் உட்காரத் தயாராக இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான் போலிருக்கிறது. வருடத்துக்கு 1,20,000 டாலர் கொடுத்தும் 5,000 மெக்கானிக் வேலை காலியாகக் கிடக்கிறது என்று ஃபோர்டு கம்பெனித் தலைவர் சொன்னதாகப் படித்தேன். இந்தத் தலைமுறைக்கு உடம்பு வளையவில்லை என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று. என் அக்கா மகன் பத்தாவது முடித்திருக்கிறான். கைவேலையில் ஆர்வம் உண்டு. ஐடிஐயில் சேர்க்கலாம் என்கிறேன். "உன் பையன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பான், என் பையன் வெல்டிங் அடிக்கணுமா?" என்று அக்கா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உடம்பு வளையாத தலைமுறை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் நின்று பாருங்கள். மழையில் நனைந்துகொண்டு சாப்பாட்டுப் பையோடு வண்டியில் போகிறவர்களுக்கு என்ன வயது இருக்கும்? திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடப்பவர்கள், வளைகுடா நாடுகளில் கொதிக்கிற வெயிலில் பைப் லைன் வேலை செய்பவர்கள், இவர்களிலும் நம் சேலம், நாமக்கல், தர்மபுரிப் பிள்ளைகள் நிறைய. அவர்கள் உழைப்புக்குப் பயந்தவர்கள் அல்ல. உங்கள் நோட்டீஸை அவர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள், படித்துவிட்டுத்தான் வராமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஃபோர்டு செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தத் தலைவர் ஜிம் ஃபார்லி 2025 நவம்பரில் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் அப்படிச் சொன்னது உண்மை. நம் பணத்தில் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல். ஆனால் ஃபோர்டு வண்டிகளை ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் தருவது அந்தந்த ஊர் டீலர்கள். அவர்களில் பலர் வந்து நின்ற நேரத்துக்குக் கூலி தருவதில்லை. இந்த வேலைக்கு மூன்று மணி நேரம், அந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் காசு. துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்து ஐந்து மணி நேரம் ஆனாலும் மூன்று மணி நேரக் கூலிதான். வண்டியே வராத நாளில் சும்மா நிற்க வேண்டியதுதான். வாரன்டி வேலை என்றால் பட்டியல் நேரம் இன்னும் குறையும். ஸ்பேனர் செட் முதல் டூல் பெட்டி வரை சொந்தக் காசில் வாங்க வேண்டும், அது ஆயிரக்கணக்கான டாலர். அந்த நாட்டு அரசின் 2024 கணக்குப்படி, கார் மெக்கானிக்குகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது வருடத்துக்கு 50,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. பெரிய பிக்கப் டிரக்கின் டீசல் இன்ஜினைக் கழற்றி வேலை பார்க்கக் கற்றுக்கொள்ள ஐந்து வருடம் ஆகும் என்றும் ஃபார்லியே சொன்னார். 1,20,000 என்பது அந்த ஐந்து வருடத்தைத் தாண்டி, இன்னும் பல வருடம் கை தேய்ந்தவர் வாங்கும் தொகை. அந்த ஐந்து வருடமும் அவர் எதை வைத்துச் சாப்பிட்டார் என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இப்போது கொண்டலாம்பட்டிக்கு வருவோம். உங்கள் பட்டறைக் கணக்கு எனக்குத் தெரியாது. இந்த மாதிரி நோட்டீஸில் வரும் 40,000 எப்படிச் சேர்கிறது என்று ஒரு கணக்குப் போடுகிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய். 26 நாளைக்கு 20,800. தினமும் நாலு மணி நேரம் ஓவர்டைம், மணிக்கு 100 ரூபாய் வீதம் 10,400. நாலு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணி நேரம் வந்தால் 4,800. ஒரு நாளும் லீவு போடாவிட்டால் வருகைப் படி 2,000. சாப்பாட்டுக்கு 2,000. ஆக மொத்தம் 40,000. அதாவது முப்பது நாளும், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், காய்ச்சல் வராமல், குழந்தைக்குக் காது குத்து இல்லாமல் வேலை பார்க்கிறவருக்கு அந்தத் தொகை. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. நம் பட்டறைகளில் பெரும்பாலும் ஒற்றைதான் நடக்கிறது. வேலை நேரத்தைக் கேட்டுவிட்டுப் போனவர் வாசலைத் தாண்டுவதற்குள் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டிருப்பார். எட்டு மணி நேர வேலைக்கு மாதம் 20,800 என்றால், அது வேறு இடங்களிலும் கிடைக்கும்.

சீசனையும் பார்க்க வேண்டும். மில்கள் நிற்கும் மாதங்களில்தான் உங்களுக்கு வேலை குவியும். மரவள்ளிக் கிழங்கு வர ஆரம்பித்து மில் ஓடத் தொடங்கியதும் ஆர்டர் குறையும். ஓவர்டைம் நின்றுவிட்டால் 40,000 தானாக இறங்கிவிடும். வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் அப்படி இறங்காது.

ஆனாலும் சம்பளக் கணக்கு மட்டும்தான் காரணம் என்றால் விஷயம் சுலபம். கூட்டிக் கொடுத்தால் ஆள் வந்துவிடும். எனக்கு அதைவிடக் கவலை தருவது, டெஸ்ட் பீஸில் ஃபெயில் ஆனவர்.

ஜவ்வரிசி மில்லுக்கு மாவுப்பால் போகிற எஸ்.எஸ். பைப்பில் ஒரு ஜாயின்ட் போடுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். வலது கையில் டார்ச், இடது கையில் ஃபில்லர் ராடு. டங்ஸ்டன் முனை உலோகத்தைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் நிற்க வேண்டும். தொட்டால் முனை கெட்டுவிடும், மறுபடி தீட்ட வேண்டும். இடது கை ராடை ஒரே சீராக, சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். பைப்பின் உள்ளேயும் ஆர்கான் வாயு போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வெல்டு பளபளவென்று இருக்கும்போதே உள்பக்கம் கருத்துச் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பில் மாவு தங்கிப் புளிக்கும், மில்காரர் உங்களுக்கு ஃபோன் போடுவார். பைப் வெல்டர்களுக்கு வைக்கும் 6ஜி டெஸ்ட் என்றால் பைப்பை 45 டிகிரி சாய்த்துக் கட்டிவிடுவார்கள், திருப்பக்கூடாது. வெல்டர்தான் சுற்றிச் சுற்றி வந்து, கீழே படுத்து, மேலே எட்டி, எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி ஓட்ட வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கை எப்படி வரும்? ராடையும் ஆர்கானையும் வீணடித்துத்தான் வரும். கிலோ கணக்கில் எஸ்.எஸ். துண்டுகளைப் பாழாக்காமல் யாருக்கும் வந்ததில்லை. கேள்வி, அந்த வீணாகும் ராடுக்கும் கேஸுக்கும், கற்கிறவரின் சாப்பாட்டுக்கும் யார் காசு கொடுப்பது என்பதுதான். எனக்குத் தெரிந்தவரை நம் ஊரில் இப்போது அதற்கு ஆள் இல்லை.

முன்பு அதற்கு ஒரு வழி இருந்தது. உங்கள் பட்டறையில் ஐம்பது வயதைத் தாண்டிய மேஸ்திரி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். டீ வாங்கி, கூட்டிப் பெருக்கி, அடி வாங்கி, சம்பளம் என்று பேருக்கு ஏதோ வாங்கி, மூன்று நாலு வருடம் கழித்து வெல்டிங் ஹோல்டரைக் கையில் பிடித்திருப்பார். அது திரும்பி வரக்கூடாது. அந்தக் குழந்தைகளின் வறுமையை வைத்துத்தான் நம் பட்டறைகள் இலவசமாக ஆள் பழக்கின. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சத்துணவும், இலவசப் படிப்பும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு மீட்டுக்கொண்டு போனதை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன். இன்னொரு வழியும் இருந்தது. உருக்காலை, மேட்டூர் அனல்மின் நிலையம், ரயில்வே போன்ற பெரிய இடங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் அங்கேயே நிரந்தரமாவதும் உண்டு, வெளியே வந்து பட்டறை போடுவதும் உண்டு. இன்று பெரிய ஆலைகளில் பாதி வேலை ஒப்பந்தக்காரர் கையில். ஒப்பந்தக்காரர் தயார் ஆளைத்தான் கேட்பார். வேலை இருக்கிற மூன்று மாதத்துக்கு அவர் யாரைப் பழக்க முடியும்?

சரி, ஐடிஐ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நம் அரசு அங்கே நிறையச் செலவும் செய்கிறது. 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுச் சேர்கிற பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் வெல்டர் டிரேடு ஒரே வருடம். அந்தச் சான்றிதழோடு வெளியே வருகிறவருக்கும் உங்கள் டெஸ்ட் பீஸுக்கும் நடுவில் இரண்டு மூன்று வருடம் கிடக்கிறது. அந்த வருடங்களில் அவருக்கு ஹெல்ப்பர் என்று பெயர், பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பளம், கிரைண்டிங்கும் தூக்கிச் சுமப்பதும் வேலை, டார்ச்சை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். பைக் இருந்தால் அதைவிட அதிகம் டெலிவரியில் கிடைக்கும். அவர் போய்விடுகிறார். நீங்கள் தேடும் 40,000 ரூபாய் வெல்டர் மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ ஒருவருடைய பட்டறையிலிருந்து வெளியே போன அந்த ஹெல்ப்பர்தான்.

பழக்கிவிட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் 2,000 கூடக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார் என்பது உங்கள் பக்க நியாயம். அது கற்பனையான பயம் இல்லை. உங்களுக்கே கிலோவுக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசித்தான் ஆர்டர் தருகிறார்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-இலிருந்து சட்டம் இருந்தும் எத்தனை பேர் தருகிறார்கள்? மேலே இருப்பவர் உங்களை நெருக்க, நீங்கள் ஹெல்ப்பரை நெருக்குகிறீர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஷெட்டிலேயே தங்கி இந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஊரில் வேலை வந்துவிட்டால் அவர்களும் வரமாட்டார்கள்.

அப்புறம் உடம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் முதல் பிரிவில் சேர்த்தது. எஸ்.எஸ். புகையில் குரோமியம் வேறு. எத்தனை பட்டறைகளில் புகையை இழுக்கும் ஃபேன் இருக்கிறது? கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்து, மணலை அள்ளிக் கொட்டியது போல ராத்திரியெல்லாம் உறுத்த, உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு படுத்திருந்தவர்களைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்து வளர்கிறார்கள். பெண் கொடுப்பதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. 15,000 ரூபாய் ஆபீஸ் வேலைக்கு வரன் வரும், 30,000 ரூபாய் வெல்டருக்கு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். உங்களுக்கும் தெரியும்.

நம் ஊர்க் கொலுசுப் பட்டறைகளைப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் தலைமுறையாக அந்த வேலை. எடைக்குத்தான் கூலி. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறியபோது வியாபாரம் படுத்தால் முதலில் அடி விழுவது கூலிக்குச் செய்கிறவருக்கு. வாங்கிய முன்பணம் மட்டும் தலையில் நிற்கும். தொழிலை உள்ளும் புறமும் தெரிந்த அந்த அப்பாக்கள்தான் பிள்ளைகளை அதற்கு வராதே என்கிறார்கள். நீங்களும் உங்கள் மகனைக் கோயமுத்தூருக்கு அனுப்பினீர்கள். அதில் தப்பே இல்லை. உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியும், அதனால் அனுப்பினீர்கள். உங்கள் அக்கா கேட்பதும் அதே கணக்குதான்.

அவருக்கு என் பதில்: பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஐடிஐ நல்ல வழி. ஒரு வருட வெல்டரைவிட, இரண்டு வருட ஃபிட்டர் டிரேடு எடுக்கட்டும். டிராயிங் படிக்கவும் அளவெடுக்கவும் வந்துவிட்டால் பின்னால் எந்தப் பக்கமும் போகலாம், டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரவும் வழி உண்டு. முடித்ததும் வெளியே எங்கேயும் அனுப்பாமல் நீங்களே முறைப்படி அப்ரண்டிஸாக எடுங்கள். நாலு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை எதுவும் எடுக்கலாம். 2019-இல் திருத்திய விதி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை 7,000 ரூபாய் என்று வைத்தது. அதில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும். நீங்கள் 7,000-த்தோடு நிறுத்தாதீர்கள். டெலிவரியில் கிடைப்பதைக் கொடுங்கள். உங்கள் மூத்த டிக் வெல்டரோடு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் டார்ச் பிடிப்பான் என்று எழுதிவையுங்கள், பழக்குகிற வெல்டருக்கும் அதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள். அக்கா மகனோடு வெளியாள் ஒருவரையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. ஒருவர் போனாலும் ஒருவர் நிற்பார்.

இப்போதைக்கு ஆள் வேண்டுமே என்றால் நோட்டீஸை மாற்றுங்கள். எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு, ஓவர்டைம் விருப்பம் இருந்தால் மட்டும், அதற்கு இரட்டிப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, ஞாயிறு லீவு என்று எழுதுங்கள். மொத்தத் தொகை 40,000-ஐவிடச் சின்னதாகத் தெரியும், பரவாயில்லை. புகை ஃபேன் மாட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

அக்காவிடம் பேசப் போகும்போது ஒரு தாளில் முதல் வருடம் எவ்வளவு, இரண்டாம் வருடம் எவ்வளவு, மூன்றாம் வருடம் எவ்வளவு என்று உங்கள் கையால் எழுதி, பட்டறை சீல் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.