அனுமதிப்பத்திரம் யார் பெயரில்?

வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துவிட்டு களுவாஞ்சிகுடியில் வீட்டோடு இருக்கிறேன். சட்டம் படித்து, அரசியலுக்கு வந்து, பெண்களின் சமத்துவத்துக்காக உழைக்க ஆசை. ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திரு என்கிறார் அப்பா. முதலில் சட்டமா, கட்சியா?
ஒரு வாசகி (கடிதம் சுருக்கப்பட்டது)

மகள்,

சட்டம்தான். கொழும்பில் தங்க வசதியிருந்தால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை, இல்லையென்றால் திறந்த பல்கலைக்கழகம். நியமனம் வந்தால் அதையும் எடுங்கள். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலை கேட்டுக் குந்தியிருந்த பட்டதாரிகளிடம் கேட்டால் அப்பாவின் பயம் விளங்கும். கட்சி உங்களைத் தேடி வரும். உள்ளூராட்சி சபைகளில் நாலிலொரு பங்கு பெண்களுக்கு என்று 2018 தேர்தலோடு ஆகிவிட்டது. பட்டியலை நிரப்பப் பிள்ளை தேடுகிறவர்கள், சபைக்குப் போனபின் வாயைத் திறக்காதே என்றும் சொல்வார்கள். கவனம்.

எனக்குக் கோபம் வேறொன்றில். கடிதம் முழுக்கச் சமத்துவம், காணி என்ற சொல் ஒருதரம்கூட இல்லை! நம்மூரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். குடி என்கிற குலப்பிரிவுகூடத் தாய்வழிதான். அனுமதிப்பத்திரம் கொடுத்து அரசு தந்த காணிக்கு அந்த வழக்கம் செல்லாது. அங்கே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவரை, பதியாமல் புருசன் செத்தால் மனைவி தன் காலம்வரை இருக்கலாம், விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. அவளுக்குப் பிறகு மகளை முந்திக்கொண்டு மகன் என்றிருந்தது. இந்த ஆண்பிள்ளை முன்னுரிமையை நீக்கியது 2022இல்தான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் பெரியம்மா, பெரியப்பா போன பிறகு வயலைத் தானே செய்தார். அனுமதிப்பத்திரம் றங்குப்பெட்டிக்குள் பொலித்தீன் பையில் இருக்கும். மடிப்புக் கிழிந்த இடத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கடதாசி. கடைசிவரை பெரியம்மாவைப் பார்த்தது அவர் மகள், என் அக்கா. காணி போனது கொழும்பில் இருந்த அண்ணனுக்கு. அண்ணன் கெட்டவர் இல்லை. சட்டம் கொடுத்தது, வாங்கிக்கொண்டார். காணிக் கந்தோரில் இருந்த பிள்ளையும் நல்ல பிள்ளைதான், சட்டப் புத்தகத்தைத் திறந்தே காட்டினாள். அக்காவுக்கு அதை வாசித்து வாதாட ஓர் ஆள் இல்லை. மேடையில் பேச எத்தனையோ பேர் இருந்தார்கள்.

நீங்கள் இருக்கிற வளவு உறுதி உள்ள சொந்தக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? யார் பெயரில்? பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். கட்சியைப் பற்றி அப்புறம் பேசலாம்.