நாலரை மணி அலாரத்தை அணைத்துவிடுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. தை முதல் தேதியில் இருந்து காலை நாலரைக்கு எழுந்து ஓடுவது, டேலி என்கிற கணக்கு மென்பொருளைப் படிப்பது, டைரியில் பத்து நல்ல எண்ணங்கள் எழுதுவது என்று ஆரம்பித்தேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். பதினொன்றாம் நாள் தவறியது, அத்தோடு சரி. மூன்று வருடமாக இதே கதை. வீட்டில் மனைவியும் மகளும் ராத்திரி எட்டு மணிக்கு வள்ளிக்கும்மி (வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடுகிற கும்மி) பழகப் போய்விடுகிறார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். தூங்கப் பன்னிரண்டு ஆகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?
– ஒரு வாசகர், சேவூர்

பதில்: மனக்கட்டுப்பாடு இல்லாதவர் மூன்று வருடம் திரும்பத் திரும்ப ஆரம்பிக்க மாட்டார். பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அந்த அலாரத்தை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 21 நாள். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழக 21 நாளாவது ஆகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1960-ல் எழுதினார். அதைத்தான் எல்லாப் பழக்கத்துக்கும் கெடுவாக்கிவிட்டார்கள். லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வில் கிடைத்த கணக்கு வேறு. சிலருக்கு 18 நாள், நடுவாக 66 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணித்தார்கள். உங்களுக்கு வேண்டிய செய்தியும் அதிலேயே இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. நீங்கள் பதினொன்றாம் நாள் தோற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் போகாமல் இருந்ததுதான் தப்பு.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது அந்தக் கும்மிதான். வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் எட்டு மணிக்கு ஊரே கூடுகிறது, நீங்கள் டைரியில் நல்ல எண்ணம் தேடுகிறீர்கள்! போய் வரிசையில் நில்லுங்கள். ஆண்களும் ஆடுகிற ஆட்டம்தான் அது. குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து அரை மணி நேரம் ஆடினால் சட்டை நனைந்துவிடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரம் ஐந்து நாள் கும்மி போதும். தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி தனியாக எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகளோடு சென்னிமலை ஏறலாம், 1320 படி. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து ஏறுங்கள்.

கும்மியில் பாட்டும் மனப்பாடமாக வேண்டும், அடியும் மாறி மாறி வரும். வாத்தியார் ஒரு வரி பாடி நிறுத்த, நாம் திருப்பிப் பாடுகிறோம். தப்பினால் அங்கேயே தெரிந்துவிடும். டேலியையும் அப்படியே படியுங்கள். ஒரே வீடியோவை மூன்று முறை பார்ப்பதை விட, ஒரு முறை பார்த்து மூடிவிட்டு, நினைவில் இருந்து ஒரு பில்லைப் பதிந்து பாருங்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களை விட, மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று 2006-ல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். மத்தியானம் சோற்றுப் போசியைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அது போதும். போசி கழுவுவது தினமும் நடக்கிற காரியம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இதுவும் வந்துவிடும்.

டைரி இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மனச்சோர்வில் பாதி, ராத்திரி தனியாகக் கிடப்பதால் வருவது என்றே நினைக்கிறேன். ஆடிக் களைத்து, மகளோடு பேசிக்கொண்டே வீடு திரும்பினால் பத்தரைக்குத் தூக்கம் தானே வரும். ஒரு மாதம் ஆடியும் மனம் அப்படியே பாரமாக இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நாளைக்கே போங்கள். எந்தப் பாட்டுக்கு அடி தடுமாறியது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.